புதிய விமானம், குறையற்ற விமானமா?

புதிய பொருள் என்றால் பழுதில்லாத பொருள் என்பது நம் அனைவருக்கும் உள்ள நம்பிக்கை. புதுச் சைக்கிள் வாங்கியவர்களிடம் இந்த நம்பிக்கை ஒரு வாரத்திற்கு மேல் நீடிப்பதில்லை. செயின் தொய்கிறது, பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது, கைப்பிடி சற்றே கோணுகிறது. கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் முறுக்கி வாங்கி வருகிறோம். சைக்கிளில் இது பெரிய தீங்கு அன்று. காலை ஊன்றி நின்றுவிடலாம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் காலை ஊன்ற இடமில்லை.

ஒரு பொருளில் பழுது தோன்றும் விகிதத்தைக் காலத்தோடு இணைத்துப் பொறியியலார் வளைகோடு வரைவது உண்டு. பல பொருள்களுக்கு அது குளியல் தொட்டியின் குறுக்குவெட்டுப் போல் அமைகிறது. தொடக்கத்தில் உயரம், நடுவில் நெடுங்காலம் தாழ்வு, முடிவில் மறுபடியும் உயரம். முடிவில் காணும் உயரம் தேய்மானத்தால் வருவது. தொடக்கத்தில் காணும் உயரமோ, பொருளைச் செய்யும்போதே நேர்ந்த தவறுகளால் வருவது. புதியது என்பதாலேயே ஒரு விமானம் பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதை இவ்வளைகோடு காட்டுகிறது.

பெரிய பயணி விமானங்களின் குறைகளைப் பற்றி நாளிதழ்கள் விரிவாக எழுதுகின்றன. தனியார் தம் சொந்த உபயோகத்திற்கு வாங்கும் சிறு விமானங்களின் குறைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் பொருள்களின் தரம் என்றால் என்ன என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்கு இந்தச் சிறு விமானங்களே நல்ல பாடம். அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

ஒப்படைப்பு என்னும் சடங்கு

நான்கைந்து பேர் அமரக்கூடிய, ஒரே எஞ்சின் பொருத்திய புதிய விமானம் இன்று அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் அளவுக்கு விலை போகிறது. வாங்குபவர் தொழிற்சாலைக்குச் சென்று அதைப் பெற்றுக்கொள்வது வழக்கம். அவரோ அவர் அமர்த்திய மெக்கானிக்கோ விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிறார். பெயிண்ட் வழிந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா, டயரில் காற்று உள்ளதா, ரேடியோ இரைகிறதா, திரைகள் ஒளிர்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறார். பிறகு சிறிது நேரம் பறந்து பார்க்கிறார்கள். கண்ட குறைகளைத் தொழிற்சாலையார் சரிசெய்து கொடுக்கிறார்கள். கையொப்பம், கைகுலுக்கல், புகைப்படம், விமானம் கைமாறிவிட்டது.

இவை வேண்டாதவை என்று நான் கூறவில்லை. கதவு சரியாக மூடாத விமானத்தை யாரும் பெற்றுக்கொள்ளக் கூடாது. ஆனால் இப்பட்டியலில் உள்ள அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவை எல்லாம் வெளியிலிருந்து கண்ணுக்கும் காதுக்கும் எட்டக்கூடியவை. உயிரைத் தாங்கி நிற்கும் உறுப்புகளோ உள்ளே இருக்கின்றன. இறக்கையின் உட்புறத்தை ஒட்டி மூடியாயிற்று. எஞ்சினின் உட்புறத்தைப் பூட்டி மூடியாயிற்று. வாங்குபவர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும் மூடிய பின்னரே அவர் வருகிறார்.

ஏழு அடி பிரிந்த இறக்கை

செஸ்னா நிறுவனம் 2007ஆம் ஆண்டின் இறுதியில், கடனில் மூழ்கியிருந்த கொலம்பியா என்னும் விமான நிறுவனத்தை வாங்கியது. ஆரகன் மாநிலத்தில் பெண்ட் நகரில் கொலம்பியா செய்துவந்த விமானங்கள் பின்னர் 'கார்வாலிஸ்' என்ற பெயர் பெற்றன. 2009இல் பெண்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் பின் விமானத்தின் உறுப்புகள் மெக்சிகோவில் உள்ள சிவாவா நகரிலும், முழு விமானம் கான்சாஸ் மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் நகரிலும் உருவாயின.

கார்வாலிஸ் விமானத்தின் உடலும் இறக்கையும் அலுமினியத் தகட்டால் ஆனவை அல்ல. பிசினில் தோய்த்த இழைகளால் ஆனவை. இறக்கையின் நீளவாட்டில் முதுகெலும்பு போல ஓடும் உத்தரத்திற்கு ஸ்பார் என்று பெயர். அதன் மேலும் கீழும் இறக்கையின் தோல் போர்த்தப்படுகிறது. இதில் ரிவெட்டுகள் இல்லை. தோலையும் ஸ்பாரையும் இணைப்பது பசை ஒன்றே. அவற்றுக்கு இடையில் உள்ள வெற்றிடமே பெட்ரோல் தொட்டியாகவும் பயன்படுகிறது.

2010 டிசம்பர் 6 அன்று, அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் சோதனை விமானி ஒருவர் புதிய கார்வாலிஸ் ஒன்றை இண்டிபெண்டன்ஸ் தொழிற்சாலையிலிருந்து எடுத்துப் பறந்தார். பறக்கும்போதே இடது இறக்கையின் தோல் முன் ஸ்பாரிலிருந்து சுமார் ஏழு அடி நீளத்திற்குப் பிரிந்துவிட்டது. பெட்ரோல் தொட்டியும் சேதமுற்றது. நல்வாய்ப்பாக விமானி பத்திரமாகத் தரையிறங்கினார்.

எஃப்.ஏ.ஏ. ஆராய்ந்து சொன்ன காரணம் இது: மெக்சிகோ தொழிற்சாலையில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாக இருந்தது, அதனால் ஒட்டிய பகுதிகள் சரியாக இறுகவில்லை. தான் ஒப்புதல் பெற்றிருந்த தரக்கட்டுப்பாட்டு முறையை நிறுவனம் பின்பற்றவில்லை என்று குற்றம் சாட்டி, 2011 செப்டம்பரில் 24 லட்சம் டாலர் அபராதம் விதிக்க அந்த ஆணையம் முன்வந்தது.

ஈரக் காற்று பசையை எப்படிக் கெடுக்கிறது? இத்தகைய பசை இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று பிசின், மற்றொன்று அதை இறுகச் செய்யும் பொருள். இரண்டையும் கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலை போல் பின்னிக்கொள்கின்றன. இறுகச் செய்யும் பொருளுக்கு நீராவியின் மேல் நாட்டம் அதிகம். ஈரக் காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பில் நீராவியும் கரியமில வாயுவும் சேர்ந்து மெழுகு போன்ற மெல்லிய படலத்தை உண்டாக்கும். அந்தப் படலத்தின் மேல் அடுத்த தகட்டை வைத்து ஒட்டினால், எண்ணெய் தடவிய கையால் கயிற்றைப் பிடிப்பது போல்தான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காற்றின் ஈரப்பதத்தை அளப்பது அரிய வித்தை அன்று. உலர் குமிழ், ஈரக் குமிழ் என்ற இரு வெப்பமானிகளைக் கொண்டு பள்ளி மாணவர்களே அதை அளக்கிறார்கள். அறிவியல் போதாமையால் அந்த இறக்கை பிரியவில்லை. ஒரு சாதாரண அளவீடு எல்லை மீறியபோது வேலையை நிறுத்தாததால் பிரிந்தது.

இதைப் படித்ததும் மெக்சிகோ தொழிலாளர்கள் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் அது முறையன்று. ஒரு தொழிலை இடம் மாற்றும்போது வரைபடங்கள் பெட்டியில் வந்து சேர்ந்துவிடும். கைப்பழக்கம் அப்படி வருவதில்லை. இன்று பசை இறுகுகிறதா இல்லையா என்று தொட்டே சொல்லக்கூடியவர்கள் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் எழுத்து வடிவில் தரக்கட்டுப்பாடு தேவைப்படுகிறது. அதை நடத்த வேண்டிய பொறுப்பு நிர்வாகத்தினுடையது.

ஒரு சோறு பதம் ஆகுமா?

'ஒட்டியதைச் சோதித்துப் பார்த்த பின் அனுப்பியிருக்கலாமே!' என்று வாசகர் கேட்கலாம். சோதனை முறைகள் இல்லாமல் இல்லை. மண்பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்க்கிறார். கீறல் இருந்தால் ஓசை மாறும். அதே முறையில் நாணயத்தால் இறக்கையைத் தட்டிப் பார்ப்பது இன்றும் வழக்கில் உள்ளது. இன்னும் நுட்பமாக, காதுக்குக் கேளாத மிகை அதிர்வெண் ஒலியைச் செலுத்துவார்கள். பசைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றிடைவெளி இருந்தால் ஒலி அங்கே எதிரொலித்துத் திரும்பும்.

ஆனால் இம்முறைகளுக்கு ஓர் எல்லை உண்டு. இடைவெளி இருந்தால்தான் ஒலி திரும்பும். பசையும் தகடும் நெருக்கமாகத் தொட்டுக்கொண்டே, ஆனால் வலுவின்றி ஒட்டியிருந்தால் ஒலி தடையின்றிக் கடந்துபோகும். கருவி 'நன்று' என்று சொல்லும். தொட்டுக்கொண்டிருப்பது வேறு, பற்றிக்கொண்டிருப்பது வேறு. பற்றின் வலிமையை உடைக்காமல் அளந்து சொல்ல நம்பத்தக்க கருவி இதுவரை இல்லை. வலிமையை அறிய உடைத்துத்தான் பார்க்க வேண்டும். உடைத்த இறக்கையை விற்க முடியாது.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. அதை அப்படியே தொழிற்சாலைக்குப் பொருத்தலாமா? ஒரு சோறு பதமாவதற்குக் காரணம், பானையில் உள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்ததுதான். இறக்கைகள் அப்படி அல்ல. திங்கட்கிழமை ஒட்டிய இறக்கையும், மழை பெய்த வியாழக்கிழமை ஒட்டிய இறக்கையும் வேறு வேறு பானைகள். ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல இயலாது.

கணக்கும் இதையே கூறுகிறது. நூற்றுக்கு ஒன்று குறையுள்ள பெருங்குவியலிலிருந்து 300 பொருள்களை எடுத்துச் சோதிப்பதாகக் கொள்வோம். 300இலும் குறை தென்படாமல் போகும் நிகழ்தகவு, 0.99ஐ 300 முறை பெருக்கினால் கிடைப்பது. அதாவது ஏறத்தாழ 0.05. ஆகவே 300 பொருள்களைச் சோதித்து அனைத்தும் நன்றாக இருந்தால்தான், குறை நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு என்று ஓரளவு துணிவுடன் கூறலாம். மோட்டார் கார் தொழிலில் 300 என்பது சிறிய எண். சிறு விமானத் தொழிலிலோ, 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் விற்ற பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் எல்லா வகையும் சேர்ந்தே இரண்டாயிரத்தை எட்டவில்லை. ஒரே மாதிரியில் 300 விமானங்கள் சேர ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அவை பறந்துகொண்டிருக்கும்.

எனவே முடிந்த பொருளைச் சோதிப்பதைவிட, செய்முறையைக் கண்காணிப்பதே வழி. 1924இல் அமெரிக்க இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட், தொழிற்சாலை அளவீடுகளை நாள்தோறும் வரைபடத்தில் குறித்து, அவை வரம்பு மீறும் கணத்திலேயே தலையிடும் முறையை வகுத்தார். இறக்கை ஒட்டும் வேலைக்கு இதைப் பொருத்துவது எளிது. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அதே பசையால், அதே அறையில், ஒரு சிறு மாதிரித் துண்டையும் ஒட்டி வைக்க வேண்டும். அது இறுகியபின் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டு இறக்கையோடு ஒரே பானையில் வெந்த சோறு. பழமொழி அதற்கு முற்றிலும் பொருந்தும்.

ஒரு சிறு வளையம்

இரண்டாவது நிகழ்ச்சி எஞ்சினைப் பற்றியது. சிரஸ் நிறுவனத்தின் எஸ்.ஆர். 22 போன்ற பல சிறு விமானங்களில் காண்டினெண்டல் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்படுகிறது. இதன் கிராங்க் தண்டில் எதிர் எடைகள் தொங்குகின்றன. அவை இறுக்கமாகப் பிணைக்கப்பட்டவை அல்ல. ஊசல் போல ஆடக்கூடியவை.

எஞ்சினுக்குள் ஊசல் எதற்கு? நிமிடத்திற்கு 2,700 சுற்று, அதாவது நொடிக்கு 45 சுற்று சுழலும் எஞ்சினில், ஒரு சுற்றுக்கு மூன்று சிலிண்டர்கள் வெடிக்கின்றன. நொடிக்கு 135 அடிகள் கிராங்க் தண்டின் மேல் விழுகின்றன. தண்டு முறுக்கி முறுக்கி அதிர்கிறது. இந்த அதிர்வை எதிர்த்து ஆடி அடக்குவதே ஊசல் எடைகளின் வேலை. சாதாரண ஊசலை ஆட்டுவது புவி ஈர்ப்பு. இங்கே அதன் இடத்தில் மையவிலக்கு விசை நிற்கிறது. வேகம் கூடினால் அந்த விசையும் கூடும். ஊசலின் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஊசல் அதனோடு இசைந்தே ஆடும். இயற்பியலின் அழகான பயன்பாடு இது.

அந்த விசை எவ்வளவு? கணக்கிற்காக, 1 கிலோகிராம் எடை அச்சிலிருந்து 8 செ.மீ. தொலைவில் சுழல்வதாகக் கொள்வோம். நொடிக்கு 45 சுற்று என்றால் முடுக்கம் புவி ஈர்ப்பைப் போல் சுமார் 650 மடங்கு. ஒரு கிலோ எடை 650 கிலோவைப் போல வெளிநோக்கி இழுக்கும். இந்த இழுப்பைத் தாங்குபவை ஊசிகள். அந்த ஊசிகள் பக்கவாட்டில் நழுவிவிடாமல் காப்பது, நம் ஊர் மெக்கானிக்குகள் சர்க்கிளிப் என்று சொல்லும் வகையைச் சேர்ந்த ஒரு சிறு வளையம். அது தனக்குரிய பள்ளத்தில் முழுதாக அமர வேண்டும்.

2023 பிப்ரவரியில், சில எஞ்சின்களில் இந்த வளையம் பள்ளத்தில் சரியாக அமரவில்லை என்று காண்டினெண்டல் அறிவித்தது. 2021 ஜூன் 1 முதல் 2023 பிப்ரவரி 7 வரை இணைக்கப்பட்ட கிராங்க் தண்டுகள் ஐயத்திற்குரியவை ஆயின. சிரஸ் நிறுவனம் தன் வசமிருந்த அத்தகைய விமானங்களைப் பறக்க விடாமல் நிறுத்தியது. எஃப்.ஏ.ஏ. கட்டாயச் சோதனைக்கு ஆணையிட்டது.

ஐயத்திற்குரிய காலம் இருபது மாதங்கள் என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு எஞ்சின்களும் தொழிற்சாலையில் ஓட்டிப் பார்க்கப்பட்டவை. விமானத்தில் பொருத்தியபின் பறந்து பார்க்கப்பட்டவை. வாங்கியவர்கள் சுற்றி வந்து பார்த்தவை. அரைகுறையாக அமர்ந்த வளையம் இத்தனை சோதனைகளையும் தாண்டும். ஏனெனில் அது நழுவும் வரை எஞ்சின் இனிமையாகவே ஓடும். எஞ்சினை மூடும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் தெரியக்கூடிய குறை, மூடிய பின் சிலிண்டரைக் கழற்றினால்தான் தெரிகிறது. சிலிண்டரைக் கழற்றி மாட்டுவதும் ஆபத்தில்லாத வேலை அன்று. நட்டுகளைச் சரியாக முறுக்காவிட்டால் புதிய குறை புகுந்துவிடும். ஒரு நிமிடத்தைச் சேமித்ததற்கு இது மிகப் பெரிய வட்டி.

துளைகளைக் கண்டவர்கள்

மூன்றாவது நிகழ்ச்சி சற்று வேறுபட்டது. ஆரகன் மாநிலத்தில் உள்ள வேன்ஸ் நிறுவனம் பெரும்பாலும் முழு விமானத்தை விற்பதில்லை. தகடுகளையும் உறுப்புகளையும் பெட்டியில் அடுக்கி விற்கிறது. வாங்குபவர் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே அவற்றை ரிவெட் அடித்து விமானமாக்குகிறார். இப்படி உருவாகிப் பறந்தவை பதினோராயிரத்திற்கும் மேல்.

கொரோனா காலத்தில் தேவை பெருகியபோது, உற்பத்தியைக் கூட்டுவதற்காகப் பல தகடுகளின் துளைகள் அச்சால் குத்தப்படாமல் லேசர் கதிரால் வெட்டப்பட்டன. லேசர் வட்டமாகச் சுற்றி வரும்போது, தொடங்கிய இடத்திலும் முடித்த இடத்திலும் துளையின் விளிம்பில் ஒரு நுண்ணிய வடு விழக்கூடும். ரிவெட்டின் தலை தகட்டோடு மட்டமாக அமர்வதற்காகத் துளையின் விளிம்பைக் குழித்து அழுத்துவார்கள். அப்போது விளிம்பு விரியும். வடு இருந்த இடத்தில் கீறல் கண்டது.

கண்ணுக்கு அரிதாகத் தெரியும் வடு இவ்வளவு தீங்கு செய்யுமா? துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். துணியின் விளிம்பில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போட்டுவிட்டு, மிகுதியைக் கையாலேயே நேராகக் கிழிப்பார்கள். வெட்டு இல்லாத விளிம்பை அப்படிக் கிழிக்க முடியாது. இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இல் கணக்கிட்டுக் காட்டினார். துளை கூர்மையான முனை உடையதானால் தகைவு இன்னும் பன்மடங்காகும் என்று 1913இல் ஆங்கிலேயர் இங்லிஸ் நிறுவினார். பறக்கும்போது தகடு ஓயாமல் இழுபட்டுத் தளர்கிறது. கூர்மையான வடுவிலிருந்து கீறல் ஒவ்வோர் இழுப்புக்கும் அணு அணுவாக வளர்கிறது. இதையே உலோகச் சோர்வு என்கிறோம்.

2023இல் இக்குறையை வெளிக்கொணர்ந்து உரக்கக் கேட்டவர்கள் யார்? விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களே. நிறுவனம் சோதனைகள் நடத்தி, எந்த உறுப்புகளை மாற்ற வேண்டும் என்று வகைப்படுத்தி அறிவித்தது. மாற்றுத் தகடுகளும் தர முன்வந்தது. அந்தச் செலவும், வேறு பல நெருக்கடிகளும் சேர்ந்து, 2023 டிசம்பரில் அந்நிறுவனம் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தது. நிலுவையில் இருந்த ஆணைகளுக்கும் விலையை உயர்த்தி, 2024இல் அது மீண்டு வந்தது.

இந்த நிகழ்ச்சியை முன்னைய இரண்டோடு ஒப்பிடுங்கள். சாதாரணக் குடிமக்கள், பொழுதுபோக்காக விமானம் கட்டுபவர்கள், துளையின் ஓரத்தில் இருந்த மயிரிழைக் கீறலைக் கண்டார்கள். காரணம், அவர்கள் மூடுவதற்கு முன் பார்த்தார்கள். ஒவ்வொரு துளையும் அவர்கள் கை வழியாகச் சென்றது. முழு விமானத்தை வாங்குபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. விலை அதிகம் கொடுப்பவருக்குக் காட்சி குறைவு.

சான்றிதழ் எதைச் சான்றளிக்கிறது?

அரசின் சான்றிதழ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாமா? அமெரிக்காவில் மூன்று சான்றிதழ்கள் உண்டு. முதலாவது, விமானத்தின் வடிவமைப்புக்கு. இரண்டாவது, அந்த வடிவமைப்பின்படி செய்யும் திறமை தொழிற்சாலைக்கு உண்டு என்பதற்கு. மூன்றாவது, ஒவ்வொரு தனி விமானமும் பறக்கத் தகுந்தது என்பதற்கு. இரண்டாவது சான்றிதழைப் பெற்ற நிறுவனத்திடமிருந்து, மூன்றாவதற்குத் தனியான நிரூபணம் எதுவும் கேட்கப்படுவதில்லை. அரசு விரும்பினால் விமானத்தைப் பார்வையிடலாம்; பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அதாவது மூன்றாவது சான்றிதழ் நின்றுகொண்டிருப்பது இரண்டாவதன் தோளில். தொழிற்சாலை தன் முறையைப் பின்பற்றியது என்ற நம்பிக்கையே அடித்தளம். அந்த நம்பிக்கை பொய்த்தால், தாளில் எழுதிய விமானம் ஒன்றாகவும் ஓடுபாதையில் நிற்கும் விமானம் வேறொன்றாகவும் ஆகிவிடுகின்றன. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா நிறுவனத்தின் போயிங் பயணி விமானத்தில், கதவுத் துளையை மூடியிருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. அது ஒப்படைக்கப்பட்டு மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. பலகையைப் பிணைக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் தொழிற்சாலையிலேயே திரும்பப் பொருத்தப்படவில்லை. அந்தப் பலகையைக் கழற்றியதற்கான பதிவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. பதிவில் இல்லாத வேலையை எந்த மேற்பார்வையாளரும் சோதிக்க முடியாது.

'எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டனவே!'

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கார்வாலிஸ் விமானி உயிரோடு தரையிறங்கினார்; காண்டினெண்டல் தானே முன்வந்து அறிவித்தது; சிரஸ் தன் விமானங்களைத் தானே நிறுத்தியது; வேன்ஸ் மாற்றுத் தகடு கொடுத்தது. ஆகவே ஏற்பாடு சரியாகவே வேலை செய்கிறது என்பார்கள்.

இதில் உண்மை உண்டு. குறையை மறைக்காமல் அறிவிப்பது பாராட்டுக்குரியது. பிற தொழில்கள் பலவற்றில் அந்த நேர்மைகூட இல்லை. ஆனால் கண்டுபிடித்த விதத்தைப் பாருங்கள். அந்த இறக்கை, சோதனை விமானி பறந்த அன்றே பிரிந்தது தற்செயல். பசை இன்னும் கொஞ்சம் வலுவாக இருந்து, ஐம்பது மணி நேரம் தாங்கியிருந்தால், அன்று அதற்குள் இருந்திருப்பது ஒரு குடும்பம். நல்வாய்ப்பைத் தரக்கட்டுப்பாட்டின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

உத்தரவாதப் பத்திரமும் இதற்கு மருந்தன்று. கெட்ட உறுப்புக்கு நல்ல உறுப்புத் தருவதாக அது சொல்கிறது. கெட்டது என்று தெரிந்த பிறகுதானே அது செல்லுபடியாகும்? விமானத்தில் அது தெரியவரும் இடம் எதுவாக இருக்கும் என்பதே கேள்வி.

செய்ய வேண்டியவை

மூன்று மாற்றங்கள் தேவை என்பது என் கருத்து. முதலாவதாக, விமானத்தோடு அதன் பிறப்புக் குறிப்பையும் ஒப்படைக்க வேண்டும். இறக்கையை ஒட்டிய அன்று அறையின் வெப்பநிலை என்ன, ஈரப்பதம் என்ன, மாதிரித் துண்டு எவ்வளவு விசையில் உடைந்தது, எந்த நட்டு எவ்வளவு முறுக்கப்பட்டது என்பவை எல்லாம் வாங்குபவர் கைக்கு வர வேண்டும். பெயிண்டைப் பார்க்கும் ஒரு மணி நேரத்தை அவர் இந்தக் குறிப்பைப் படிப்பதில் செலவிடலாம். வாங்குபவர் படிப்பார் என்று தெரிந்தாலே எழுதுபவர் கவனமாக எழுதுவார்.

இரண்டாவதாக, மூடினால் மீண்டும் பார்க்க முடியாத எந்த உறுப்பையும், செய்தவர் அல்லாத இன்னொருவர் பார்த்த பின்னரே மூட வேண்டும். அவர் உற்பத்தி எண்ணிக்கைக்குப் பொறுப்பானவராக இருக்கக் கூடாது.

மூன்றாவதாக, செய்முறை மாறும்போதும், இடம் மாறும்போதும், அச்சுக்குப் பதில் லேசர் வரும்போதும், பழைய சான்றிதழ் புதியதற்கும் செல்லும் என்று கருதக் கூடாது. இரண்டு நிகழ்ச்சிகளில் குறை புகுந்த வழி இதுதான்.

இவற்றால் செலவு கூடும் என்பது உண்மையே. விலை ஏறினால் வாங்குபவர் குறைவார்கள் என்பதும் உண்மையே. ஆனால் ஐயத்திற்குரிய எஞ்சின்களைத் தேடித் திறந்து பார்க்கும் செலவு யார் தலையில் விழுகிறது? முடிவில் அதுவும் விலையில்தான் சேரும்.

மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. செய்முறை வகுப்பில் சிலர் விடையை முன்பே தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற அளவீடுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதுவது உண்டு. விடை சரியாக வந்துவிடும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஈரப்பதம் மிகுந்த அறையில் வேலை நிற்காமல் நடந்ததும், கழற்றிய பலகை பதிவாகாமல் போனதும் இதே குணத்தின் வளர்ந்த வடிவங்கள். அளவீட்டை அளந்த கணத்தில், அளந்தபடியே எழுதும் பழக்கம்தான் தரக்கட்டுப்பாட்டின் தொடக்கம். அது ஆய்வகத்தில் படியாவிட்டால் தொழிற்சாலையில் புதிதாக முளைக்காது.